தொட்டி ஆலங்கன்று குடைக்கம்பு மாதிரி நிற்கிறது, எங்கே வெட்டுவது?

சத்துவாச்சாரி மாடி:
பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவர் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைத்து 2 வருடம் ஆகிறது, போன்சாய் ஆக்க ஆசை. இப்போது இரண்டரை அடி உயரம், தண்டு சுண்டுவிரல் தடிமன், உச்சியில் மட்டும் ஏழெட்டு இலை, கீழே மொட்டை. வளைக்கலாம் என்று வீட்டு வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பியைச் சுற்றிவிட்டு மூன்று மாதம் மறந்தே போனேன். நேற்று பார்த்தால் கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கிறது. உச்சியை வெட்டினால் செத்துவிடுமா? வீட்டில் ஆல் வளர்ப்பதே தப்பு, இதில் கத்தி வேறு வைக்கிறாயா என்று அம்மா ஒரு பக்கம். இங்கே வெயில் 41-ல் நிற்கிறது, இந்த வாரம் வெட்டலாமா?

குடியாத்தம் தோட்டக்காரன்:
தம்பி, முதலில் கம்பி. சுற்றைப் பிரித்து எடுக்கப் பார்க்காதீர்கள், பட்டையும் சேர்ந்து உரிந்து வரும். கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கித் துண்டு துண்டாக எடுங்கள். தடம் இருக்கும், தண்டு பருக்கப் பருக்கக் கொஞ்சம் மறையும். அடுத்த முறை அலுமினியக் கம்பி, கிளையில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் போதும், சாய்வாகச் சுற்றி வாரம் ஒருமுறை பாருங்கள். ஆல் வேகமாகப் பருக்கும் சாதி.

வெட்டினால் சாகாது. கோபுரத்தில் ஒரு பிடி மண் இல்லாமல் முளைப்பதாயிற்றே! ஓர் அடி விட்டு மேலே வெட்டிவிடுங்கள். பால் வடியும், ஈரத் துணியால் ஒற்றினால் நின்றுவிடும். வெட்டிய உச்சியையும் இலையைக் குறைத்து நிழலில் நட்டு வையுங்கள், பெரும்பாலும் பிழைக்கும்.

காட்பாடி அக்கா:
அண்ணன் சொல்வதில் பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். சுண்டுவிரல் தண்டை இப்போதே வெட்டினால் பிறகு அது பருக்க வருடக்கணக்காகும், ஏனென்றால் தண்டைப் பருக்க வைப்பது மேலே ஓடுகிற தழைதான். ஒரு வருடம் பெரிய தொட்டியில் தன் இஷ்டத்துக்கு வளர விடுங்கள், கட்டைவிரல் அளவு வந்ததும் வெட்டுங்கள். நான் பொறுமையில்லாமல் வெட்டி வெட்டியே ஒன்றை ஐந்து வருடமாக ஊதுவத்தி மாதிரி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் எல்லாம் செடி வாடிவிட்டதா என்று கேட்கிறார்கள்.

மண்ணும் முக்கியம். ஆற்று மணல் இப்போது யாருக்குக் கிடைக்கிறது, எம்-சாண்டைச் சலித்து மாவு மாதிரி தூசியைத் தள்ளிவிட்டு, கொண்டைக்கடலை அளவு செங்கல் துண்டும் மட்கிய எருவும் கலக்குங்கள். ஆனால் வேரையும் உச்சியையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள்.

சத்துவாச்சாரி மாடி:
கம்பியை எடுத்துவிட்டேன், ஒரே இடத்தில் மட்டும் பட்டை பிய்ந்தது. சரி அக்கா, வளரவே விடுகிறேன். அப்புறம், வெட்டுகிற நாள் வந்தால் கிளையை எப்படி அமைப்பது?

குடியாத்தம் தோட்டக்காரன்:
தண்டு பருக்கும் வரை காத்திருப்பதானால் அக்கா சொன்னதே சரி, நான் அவசரக்காரன். எப்போது வெட்டினாலும் கத்திரி வெயிலில் மட்டும் வேண்டாம், மொட்டை மாடியில் தொட்டியே கொதிக்கும். நாலு மழை பெய்யட்டும். வெட்டியபின் பல இடத்தில் துளிர் வரும், ஒரே மட்டத்தில் இரண்டு வந்தால் ஒன்றைக் கிள்ளுங்கள். வைத்துக்கொண்ட துளிர் ஆறேழு இலை விட்டதும் இரண்டு இலை விட்டு வெட்டுங்கள். கடைசியாக விட்ட இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்த கிளை ஓடும், அதனால் வெளிப்பக்கம் பார்க்கும் இலைக்கு மேலே வெட்டுங்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கம்பி வேலை மிச்சம்.

காட்பாடி அக்கா:
அம்மாவிடம் தண்ணீர் ஊற்றுகிற வேலையைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் மாமியார் அப்படித்தான் வழிக்கு வந்தார், இப்போது என்னையே கத்தரிக்கோலைத் தொட விடுவதில்லை.