சங்கீதம் 23: நடுவில் இருக்கும் மூன்று சொற்கள்

வேதாகமத்தின் பாடல்களான சங்கீதங்களில், 119-ம் சங்கீதத்தின் அகரவரிசையைப் பற்றி ஒரு அண்ணன் எழுதியிருந்தார்: எபிரெய எழுத்து 22, ஒவ்வொரு எழுத்திலும் தொடங்குவது 8 வசனம், மொத்தம் 176. எனக்கும் எபிரெய எழுத்துகள்மேல் ஆசை வந்தது அங்கேதான். தமிழ் வேதாகமத்தில் அதன் பகுதிகளுக்கு மேலே ஆலெப், பேத், கிமெல் என்று போட்டிருக்கும் அல்லவா, சின்ன வயதிலிருந்தே அதன்மேல் ஒரு கண். ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது 23-ம் சங்கீதம்.

ஓய்வுநாள் பள்ளியில் முதலில் மனப்பாடம் செய்த சங்கீதம் அது. எத்தனையோ அடக்க ஆராதனைகளில் கேட்டும் இருக்கிறேன். எபிரெயம் எழுத்துக்கூட்டி வாசிக்க வந்தபிறகு, ஒருநாள் இரவு அதை நோட்டில் வரிவரியாக எழுதிப் பார்த்தேன். முதல் மூன்று வசனமும் படர்க்கை: அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார். நான்காம் வசனத்தில், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும், பேச்சு முன்னிலைக்கு மாறுகிறது. 'கீ அத்தா இம்மாதி', அதாவது 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்'. தமிழிலும் அந்த மாற்றம் அப்படியே இருக்கிறது.

அப்புறம் பென்சிலை எடுத்துச் சொற்களை எண்ணினேன். தலைப்பை விட்டுவிட்டு, சிறு கோட்டால் இணைத்த சொற்களைத் தனித்தனியாக எண்ணினால் 55. அந்த மூன்று சொல்லுக்கு முன்னால் 26, பின்னால் 26. நம்ப முடியாமல் திரும்பவும் எண்ணினேன், அதே கணக்கு. எபிரெயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு; கர்த்தருடைய நான்கெழுத்துப் பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் வருவதும் 26தான். பாடியவர் அதை நினைத்து அமைத்தாரா என்று நிரூபிக்க வழியில்லை, அதனால் அதன்மேல் நான் எதையும் கட்டுவதில்லை. அந்த நடுவிடமே எனக்குப் போதும். புல்லுள்ள இடங்களில் நடந்தபோது 'அவர்'. இருட்டுக்குள் வந்தபிறகுதான் 'நீர்'.

கடைசி வசனத்தையும் சொல்ல வேண்டும். 'நன்மையும் கிருபையும் என்னைத் தொடரும்' என்கிற இடத்தில் வரும் எபிரெய வினை 'ராதஃப்', துரத்துவது. எகிப்தின் அரசன் பார்வோன் இஸ்ரவேலரைத் துரத்திக்கொண்டு போனதற்கும் இதே வினைதான். அதற்கு முந்தின வசனத்தில் சத்துருக்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பந்தி நடக்கிறது, பின்னால் துரத்தி வருவதோ நன்மை!

போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இதைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். மூன்று வசனம்வரை கண்ணை மூடியே கேட்டுக்கொண்டிருந்தார். 'தேவரீர்' என்று நான் சொன்னதும் அவரும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்.