அசுமாரில் பெல்லி ட்ரம் அடிச்ச அப்புறம் சிட்ரஸ் பெர்ரியை சாப்பிட மாட்டேங்குது, ஏன்?

முயல்காது:
எல்லாருக்கும் வணக்கம். போகிமான் ஸ்கார்லெட் கேம்ல அசுமாரில்னு ஒரு போகிமான் வளர்த்து ரேங்க்டு சிங்கிள்ஸ்ல (ஒண்ணுக்கு ஒண்ணு மோதுற ஆட்டம்) ஓட்டிட்டு இருக்கேன். செட்டு எல்லாரும் போடுறதுதான், எபிலிட்டி ஹியூஜ் பவர், அட்டாக்கை ஏத்துற ஆடமன்ட் நேச்சர், கையில உசுரை ஏத்துற சிட்ரஸ் பெர்ரி, மூவ்ஸ் பெல்லி ட்ரம் (பாதி உசுரை குடுத்து அட்டாக்கை உச்சத்துக்கு ஏத்தும்), அக்வா ஜெட், ப்ளே ரஃப், லிக்விடேஷன். ஐவி (பிறவி பலம்) எல்லாம் ஃபுல். ஈவி (பயிற்சியில ஏத்துற பாயிண்ட்) ஹெச்பில, அதாவது உசுருல, 252, அட்டாக்ல 252, மிச்சம் 4 ஸ்பெஷல் டிஃபென்ஸ்ல.

இதே செட்டை ஷோடவுன்ங்கிற ஆன்லைன் சிமுலேட்டர்ல லெவல் 100ல ஓட்டினப்ப ட்ரம் அடிச்ச உடனே பழத்தை சாப்பிட்டு தெம்பா நிக்கும். கேம்ல அப்படி இல்ல. எதிராளி வேற போகிமான மாத்துறான், நான் அந்த கேப்ல ஃபுல் ஹெச்பில ட்ரம் அடிக்கிறேன், பாதி உசுரு போகுது, பழம் மட்டும் அப்படியே கையில இருக்கு. அடுத்த டர்ன் ஒரு அடி வாங்கின அப்புறம்தான் சாப்பிடுது, அதுவும் அந்த அடியில பொழச்சா. கடுப்பு என்னன்னா சில மேட்ச்ல மட்டும் ஒழுங்கா உடனே சாப்பிடுது. இது கேம்ல இருக்கிற பிழையா (பக்), இல்ல வேற ஏதாவது கணக்கு இருக்கா?

அப்புறம் இன்னொண்ணு, இதை டபுள்ஸுக்கும் (ரெண்டுக்கு ரெண்டு ஆட்டம்) கூட்டிட்டு போகலாமா, கூட யாரை நிறுத்தலாம்?

நாலாவதுஸ்லாட்:
எதிர்ல அன்நெர்வ் எபிலிட்டி இருக்கிற ஆளு நின்னிருப்பான் ப்ரோ, அது இருக்கிற வரைக்கும் நம்மாளு பெர்ரியே சாப்பிட முடியாது. கேலிரெக்ஸ்ங்கிற போகிமான் குதிரை மேல ஏறி வந்தாலும் இதே கதைதான், அதோட எபிலிட்டிக்குள்ளயே அன்நெர்வ் இருக்கு.

முயல்காது:
இல்ல ப்ரோ, அன்நெர்வ்னா அவன் உள்ள வரும்போதே மெசேஜ் காட்டுமே, அப்படி எதுவும் வரல. அன்நெர்வா இருந்தா அடுத்த அடி வாங்கின அப்புறம் மட்டும் எப்படி சாப்பிடும்?

கணக்குப்புள்ள:
பக் எல்லாம் இல்ல நண்பா, உன் ஹெச்பி ஒத்தைப்படை, அவ்ளோதான்.

ரேங்க்டுல எல்லாரையும் லெவல் 50க்கு கொண்டு வந்துருவாங்கல்ல, அங்க உன் அசுமாரில் ஹெச்பி 207. பெல்லி ட்ரம் பாதியை வெட்டும்போது கீழ்ப்பக்கமா ரவுண்ட் பண்ணும், அதாவது 103தான் போகும், மிச்சம் 104. சிட்ரஸ் பெர்ரி பாதியிலயோ பாதிக்கு கீழயோ இருந்தாதான் வேலை செய்யும். 207ல பாதி 103.5, நீ நிக்கிறது 104ல, அந்த அரை பாயிண்ட்டுக்காக பழம் வாயில போகாது. ஷோடவுன்ல லெவல் 100ல அதே 252 போட்டா ஹெச்பி 404, ரெட்டைப்படை, கரெக்டா 202க்கு வந்து நிக்கும், உடனே சாப்பிடும். லெவல் 100க்கு எழுதின செட்டை அப்படியே லெவல் 50க்கு தூக்கிட்டு வந்தா வர்ற பிரச்சனை இது.

சில மேட்ச்ல மட்டும் சாப்பிடுதுன்னு சொன்னியே, அந்த மேட்ச்ல ட்ரம்முக்கு முன்னாடியே கொஞ்சம் அடி வாங்கியிருப்ப, இல்லன்னா உள்ள வர்றவனை குத்துற ஸ்டெல்த் ராக்ஸ் மேல கால் வெச்சு உள்ள வந்திருப்ப. அப்ப ட்ரம் அடிச்ச அப்புறம் பாதிக்கு கீழ நல்லாவே போயிரும், ஒத்தை ரெட்டை பேச்சே இல்ல. ஃபுல் ஹெச்பில அடிக்கும்போதுதான் இது மாட்டும், அதாவது எப்ப அடிக்கிறது பெஸ்டோ கரெக்டா அப்பதான்.

தீர்வு ஹெச்பில 252க்கு பதிலா 244. ஹெச்பி 206 ஆகும், ட்ரம் அடிச்சா 103, பழம் கால்வாசி ஏத்தும், 51 வந்து 154ல நிப்ப. 104ல நிக்கிறதுக்கும் 154ல நிக்கிறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அட்டாக் பக்கமும் பாத்துடலாம், ஏன்னா இதோட பேஸ் அட்டாக் வெறும் 50ன்னு பாத்துட்டு ஓரமா வெச்சவங்க நிறைய பேர். லெவல் 50ல ஆடமன்ட் 252 போட்டா 112. ஹியூஜ் பவர் அதை டபுள் ஆக்கி 224. ட்ரம் அடிச்சா பிளஸ் 6, அதாவது நாலு மடங்கு, 896. அந்த 896 பின்னாடி நிக்கும்போது 40 பவர் இருக்கிற அக்வா ஜெட்டும் சாதா அடி இல்ல. உதாரணத்துக்கு ஹெச்பிலயும் டிஃபென்ஸ்லயும் ஒண்ணும் போடாத கார்சோம்ப் எடுத்துக்க, அது ஹெச்பி 183. ட்ரம் இல்லாம அக்வா ஜெட் அடிச்சா 45ல இருந்து 54. ட்ரம் அடிச்சிட்டு அடிச்சா 177ல இருந்து 208, சில சமயம் நூலிழையில தப்பிச்சிரும். டெரா வாட்டர் போட்டா, அதாவது டெரா பண்ணி வெறும் வாட்டர் டைப்பா மாத்தினா, 236ல இருந்து 278, தப்பிக்க வழியே இல்ல.

டெரா பத்தி ஒரு விஷயம், டெரா டைப்போட ஒத்துப்போற, பவர் 60க்கு கீழ இருக்கிற மூவ் எல்லாத்தையும் கேமே 60க்கு ஏத்தி விடும்னு கேள்விப்பட்டு அக்வா ஜெட்டும் 60 ஆயிரும்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. ஆகாது. ஸ்பீடு பாக்காம முந்திப்போற ப்ரயாரிட்டி மூவுக்கு அந்த சலுகை கிடையாது, 40தான். நமக்கு கிடைக்கிறது சொந்த டைப் மூவுக்கான 1.5 மடங்கு போனஸ் 2 மடங்கு ஆகுறது மட்டும்.

முயல்காது:
தல, தெய்வமே. அரை பாயிண்ட்டா!! இப்பதான் ஸ்டேட்டஸ் ஸ்க்ரீன் திறந்து பாத்தேன், 207ன்னுதான் போட்டிருக்கு. சரி 252ல இருந்து 244க்கு எப்படி இறக்குறது, மொத்தமா ரீசெட் பண்ணிட்டு முதல்ல இருந்து வரணுமா?

கணக்குப்புள்ள:
வேண்டாம். பொமெக் பெர்ரி ஒண்ணு குடு, ஹெச்பி ஈவில 10 குறையும், 242 ஆகும். அப்புறம் ஹெல்த் ஃபெதர் ரெண்டு குடு, ஒவ்வொண்ணும் 1 ஏத்தும், 244. 242லயே விட்டுட்டா ஹெச்பி 205, மறுபடியும் ஒத்தைப்படை, அதனால அந்த ரெண்டு ஃபெதரை மறந்துடாத.

பேண்ட்கட்டினவன்:
எல்லாம் சரி, ஆனா சிங்கிள்ஸ்ல எனக்கு இந்த ட்ரம் செட் மேலயே நம்பிக்கை இல்ல. மூணு பேரை மட்டும் எடுத்துட்டு போற ஆட்டத்துல ஒருத்தன் ஒரு டர்னை சும்மா செலவு பண்ணி, பாதி உசுரையும் குடுத்து, அதுக்கப்புறம் எதிர்ல டோன்டோசோ வந்து நின்னா என்ன பண்ணுவ? அன்அவேர் இருக்கிறவன் உன் பிளஸ் 6ஐ கண்டுக்கவே மாட்டான், உன் பழைய 224தான் அவனுக்கு தெரியும். க்வாக்சைர், க்ளாட்சைர் வந்தா இன்னும் மோசம், அன்அவேரா இல்ல வாட்டர் அப்சார்ப்பான்னு அடிச்சு பாத்தாதான் தெரியும், வாட்டர் அப்சார்ப்னா நீ அடிச்ச அக்வா ஜெட்டு அவனுக்கு மருந்து.

டிராகனைட் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு உன் அக்வா ஜெட்டுக்கு முன்னாடி போகும், அதோட ப்ரயாரிட்டி 2, உன்னோடது 1. ரில்லபூம் கிராஸி க்ளைடும் அக்வா ஜெட்டும் ஒரே ப்ரயாரிட்டிதான், ஆனா அவன் ஸ்பீடு அதிகம், அதனால அவன்தான் முதல்ல அடிப்பான், அதுவும் கிராஸ் அடி.

அதுக்கு பதிலா சாய்ஸ் பேண்ட் (அட்டாக்கை ஒன்றரை மடங்கு ஆக்கும், ஆனா ஒரே மூவ்ல பூட்டிரும்) கட்டி விடு. உள்ள வந்த முதல் டர்னே அட்டாக் 336, லிக்விடேஷனோ ப்ளே ரஃப்போ எது அடிச்சாலும் எவனாவது ஒருத்தன் வலி தாங்கித்தான் ஆகணும். நாலாவது மூவ் சூப்பர்பவர் வெச்சுக்கோ, கிங்காம்பிட்டுக்கு நாலு மடங்கு.

கணக்குப்புள்ள:
பேண்ட் செட்டு நல்ல செட்டுதான், மறுக்கல. ஆனா அதுல எல்லா மேட்ச்லயும் ஒரே மூவ்ல மாட்டிக்கிட்டு வெளிய போய் வெளிய வந்து ஓடணும், பேஸ் ஸ்பீடு 50 இருக்கிற ஆளுக்கு அந்த ஓட்டமே பாதி உசுரை தின்னுரும். ட்ரம் செட்டை எல்லா மேட்ச்லயும் எடுத்துட்டு போகணும்னு யாரும் சொல்லலியே, டீம் ப்ரிவ்யூல (ஆட்டத்துக்கு முன்னாடி எதிராளி டீமை காட்டுற இடம்) டோன்டோசோ தெரிஞ்சா ஆறு பேர்ல வேற மூணு பேரை எடு. இல்லன்னா அன்அவேர் ஆளை முதல்ல வேற ஒருத்தனை விட்டு காலி பண்ணிட்டு கடைசியா இவனை இறக்கு. இவன் மேட்ச்சை முடிக்க வர்ற ஆளு, ஆரம்பிக்க வர்ற ஆளு இல்ல.

ட்ரம் அடிக்க நல்ல நேரம்னா எதிராளி டிராகன் மூவ்ல மாட்டிக்கிட்ட நேரம். சாய்ஸ் ஸ்கார்ஃப் (ஸ்பீடை ஏத்தும், இதுவும் ஒரே மூவ்ல பூட்டிரும்) கட்டின கார்சோம்ப் அவுட்ரேஜ் அடிக்குது, நீ அசுமாரிலை உள்ள கொண்டு வர்ற, ஃபேரிக்கு டிராகன் அடி படவே படாது. அடுத்த டர்ன் அவனுக்கு வேற வழியில்ல, மாத்தணும், இல்ல வெறும் காத்துல அடிக்கணும். அந்த டர்ன்தான் உன் டர்ன்.

ரேஜிங் போல்ட் எதிர்ல நின்னாலும் பயந்து ஓட வேண்டியதில்ல. அவனோட தண்டர்க்ளாப் நாம அட்டாக் மூவ் எடுத்தாதான் வேலை செய்யும், ட்ரம் அடிச்சா ஃபெயில் ஆயிரும். சக்கர் பஞ்ச்சும் அப்படித்தான். ஆனா அவன் அதை யோசிச்சு தண்டர்போல்ட்டே அடிச்சிட்டா நீ முடிஞ்ச, அது உன் தைரியத்தை பொறுத்தது.

நாலாவதுஸ்லாட்:
முதல்ல உன் அசுமாரில் எபிலிட்டி திக் ஃபேட் இல்லைன்னு செக் பண்ணிட்டியா? கேக்குறதுக்கு கோச்சுக்காத, நிறைய பேர் அங்கதான் சறுக்குறாங்க.

முயல்காது:
ஹியூஜ் பவர்தான் ப்ரோ, அது இல்லாம இத்தனை நாள் ஓட்டியிருந்தா என்னை நானே ப்ளாக் பண்ணியிருப்பேன்

இரட்டைஆட்டம்:
டபுள்ஸ் கேள்விக்கு நான் வர்றேன். கூட்டிட்டு போகலாம், ஆனா தனியா விட்டா செத்துரும். எதிர்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க, அதுல ஒருத்தன் இன்சினரோரா இருந்தா ஃபேக் அவுட் அடிச்சு அந்த டர்ன் ஆட விடாம ஃப்ளின்ச் பண்ணுவான், இல்லன்னா நாக் ஆஃப் அடிச்சு பழத்தையே தட்டி விட்டுருவான். அட்டாக்கை ஒரு படி இறக்குற இன்டிமிடேட்டுக்கு மட்டும் ரொம்ப கவலைப்படாத, ட்ரம் அடிக்கிறதுக்கு முன்னாடி அட்டாக் மைனஸ்ல இருந்தாலும் அடிச்சா நேரா பிளஸ் 6தான், அடிச்ச அப்புறம் வந்தா பிளஸ் 5க்கு இறங்கும், அப்பவும் மூணரை மடங்கு கையில இருக்கு.

எல்லாரும் முதல்ல யோசிக்கிறது எதிராளி அடியை தன் பக்கம் இழுக்கிற ஃபாலோ மீ ஆளு. அதுல இன்டீடி பொண்ணு வர்ஷனை மட்டும் கூட நிறுத்திடாத, ப்ளீஸ். அது உள்ள வந்த உடனே சைக்கிக் டெரெய்ன் போட்டுரும், தரையில நிக்கிற யார் மேலயும் ப்ரயாரிட்டி மூவ் படாது. ஃபேக் அவுட்ல இருந்து உன்னை காப்பாத்தின அதே டெரெய்ன் உன் அக்வா ஜெட்டையும் சேத்து முடக்கிரும், நீ 896 அட்டாக்கை வெச்சுக்கிட்டு வேடிக்கை பாப்ப.

என் ஓட்டு ஃபாரிகிராஃபுக்கு. ஆர்மர் டெயில் எபிலிட்டி இருக்கிறதை எடு. அது எதிராளியோட ப்ரயாரிட்டி மூவை மட்டும்தான் தடுக்கும், நம்மளோடது தாராளமா போகும். ஃபேக் அவுட் போச்சு, கிராஸி க்ளைடு போச்சு, எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு போச்சு, தண்டர்க்ளாப் போச்சு, விம்சிகாட் ப்ராங்க்ஸ்டர் எபிலிட்டியால முந்திக்கிட்டு டான்ட்டோ என்கோரோ போட வந்தாலும் போச்சு. பெல்லி ட்ரம் அடிச்ச உடனே என்கோர் வாங்கினா என்ன ஆகும்னு அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும், அட்டாக் உச்சத்துல இருக்கும், அடுத்த டர்னும் ட்ரம்மேதான் அடிக்கணும், அது ஃபெயில் ஆகும்.

மேல ஃபாரிகிராஃப் ட்ரிக் ரூமும் போடும், அதுல மெதுவான ஆளுதான் முதல்ல போவான். அப்ப அசுமாரிலோட ஆமை ஸ்பீடே ப்ளஸ் ஆயிரும், அக்வா ஜெட்டை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்ல, ப்ளே ரஃப்பே முதல்ல போகும். 90 ஆக்யூரசி, முக்கியமான நேரத்துல மிஸ் ஆகும், அதுக்கு மனசை தேத்திக்கோ. டபுள்ஸ்ல லிக்விடேஷனை எடுத்துட்டு ப்ரொடெக்ட் வை, ட்ரிக் ரூம் போடுற டர்ன்ல ட்ரம் அடிக்க தோதில்லன்னா ப்ரொடெக்ட் போட்டு பொழச்சுக்கலாம்.

இங்கயும் வேலைக்கு ஆகாத ஆளுங்க இருக்காங்க. வெல்ஸ்ப்ரிங் மாஸ்க் போட்ட ஓகர்பான் வாட்டர் அப்சார்ப், கிராஸ் டைப், உன்னை விட ரெண்டு மடங்குக்கும் மேல பேஸ் ஸ்பீடு, மூணும் ஒரே ஆள்கிட்ட. அமூங்கஸ் கிராஸும் பாய்சனும், உன் வாட்டரும் ஃபேரியும் ரெண்டுமே அவன் மேல பாதிதான் படும், தூங்க வைக்கிற ஸ்போர் வேற வெச்சிருப்பான், ட்ரிக் ரூம்ல உன்னை விட மெதுவா வேற இருப்பான். ப்ரிவ்யூல இந்த ரெண்டு பேரும் சேந்து இருந்தா அசுமாரிலை பெஞ்ச்ல உக்கார வை.

பேண்ட்கட்டினவன்:
டபுள்ஸ்ல ட்ரம்னா சரி ஒத்துக்கிறேன், ஆர்மர் டெயில் பின்னாடி நிக்கிறது நியாயமா இருக்கு. சிங்கிள்ஸ்ல என் முடிவை மாத்திக்க மாட்டேன் 😄

முயல்காது:
பொமெக் குடுத்து ஃபெதர் குடுத்து 206க்கு கொண்டு வந்துட்டேன், ஃப்ரெண்டு கூட ஒரு ப்ராக்டிஸ் மேட்ச் போட்டேன், ட்ரம் அடிச்ச அதே டர்ன்ல சாப்பிட்டுச்சு, 154 கரெக்டா வந்துச்சு. ரொம்ப நன்றி எல்லாருக்கும். இப்ப ஹெச்பி 244, அட்டாக் 252 போக 12 ஈவி மிச்சம் இருக்கே, 4 ஏற்கனவே ஸ்பெஷல் டிஃபென்ஸ்ல, பாக்கி 8ஐ ஸ்பீடுல போடவா?

இரட்டைஆட்டம்:
ட்ரிக் ரூம் ஓட்டப்போறன்னா ஸ்பீடுல ஒண்ணு கூட போடாத, அந்த 8ஐயும் ஸ்பெஷல் டிஃபென்ஸ்லயே போட்டு 12 ஆக்கு, 102 ஆகும். இன்னும் சொல்லப்போனா டபுள்ஸுக்குன்னு தனியா ஒண்ணு வளக்குறது நல்லது, ஆடமன்ட்டுக்கு பதில் அட்டாக்கை ஏத்தி ஸ்பீடை குறைக்கிற ப்ரேவ், ஸ்பீடு ஐவி 0. இப்ப உன்னோடது ஸ்பீடு 70, அது 49ல நிக்கும்.

கணக்குப்புள்ள:
சிங்கிள்ஸ் மட்டும்னா 12ஐயும் ஸ்பீடுல போடலாம், 70 வந்து 72 ஆகும். எதிர்லயும் அசுமாரில் வந்தா யாரு முதல்ல ட்ரம் அடிக்கிறதுன்னு அந்த 2 பாயிண்ட்தான் முடிவு பண்ணும்.