பெற்றோர் கூட்டத்தில் மறக்க முடியாத ஒரு கணம்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

சாக்பீஸ்விரல்

சிவகாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற ஊரைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலையிலிருந்து நேராக வந்தார். கணித விடைத்தாளை நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "கையில் மருந்து இருக்கிறது சார், தாள் பாழாகிவிடும். நீங்களே புரட்டிக் காட்டுங்கள்" என்றார். முழங்கை வரை அலுமினியத் தூள், வெள்ளிப் பூச்சுப் போல. நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். நூற்றுக்கு 22. "தேறிவிடுவானா சார்?" என்று கேட்டார். "வீட்டில் நீங்கள் உட்கார்ந்து கவனித்தால் தேறுவான்" என்றேன். காலையிலிருந்து முப்பது பேரிடம் சொல்லியிருந்த அதே வாக்கியம். தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர். அந்த அரை மணி நேரம் அவருக்கு என்ன விலை என்பது எனக்கு மாலையில்தான் உறைத்தது. பிளஸ் டூ தேர்ச்சியில் எங்கள் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. மேடைகளில் ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் ஒரு முறை போர்த்திக்கொண்டேன். அந்தக் கைகள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.

பல்லாவரத்து அம்மா

ஐயா, உட்கார்ந்து கவனித்தால் தேறுவான் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். நான் உட்கார்ந்தேன். பிளஸ் டூ முழுவதும் இரவு பதினொன்று வரை மகன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் தொலைக்காட்சி இணைப்பையே எடுத்துவிட்டோம். அவன் தடுமாறினால் அடுத்த வரியை நானே சொல்லிவிடுவேன். கணிதத்தில் 31 எடுத்துத் தோற்றான்.

கூட்டலில் பிழை இருக்கும் என்று நம்பி விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தோம். நகல் வந்தது. முதல் நான்கு பக்கங்கள் எழுதியிருந்தான். அதற்குப் பின் ஒவ்வொரு கணக்கும் இரண்டாவது வரியில் நின்றிருந்தது. நான் வழக்கமாக வாய் திறக்கிற இடம் அது. மீதிப் பக்கங்களில் அவனே அளவுகோல் வைத்து நேராகக் குறுக்குக் கோடு போட்டிருந்தான். அந்தக் கோட்டின் நேர்த்தியைப் பார்த்துத்தான் அழுதேன்.

துணைத் தேர்வுக்கு அவனாகவே படித்தான். நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. தேறினான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

சகோதரி சொல்வதை முழுவதும் ஏற்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தது தவறல்ல, அடுத்த வரியைச் சொன்னதுதான் தவறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பெற்றோர் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால், ஏற்கெனவே பள்ளிப் பக்கம் வராதவர்களுக்கு அது சாக்காகிவிடும்.

என் அனுபவம் சிறியது. ஒரு மாணவியின் பாட்டி மாதந்தோறும் வந்து வகுப்பு வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவார். எதுவும் கேட்க மாட்டார். அந்தப் பெண் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை.

பெற்றோர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறேன். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்ததும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் தொடர்ந்து படித்து நீட் எழுதுகிறவர்களுக்கு 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. இதையெல்லாம் பிள்ளை தானாகத் தெரிந்துகொள்ளாது. தூக்கம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள். மதிப்பெண்ணை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திடும் முன் ஆசிரியரின் குறிப்பைப் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

பல்லாவரத்து அம்மா

ஐயா, நான் ஒதுங்கச் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொன்னேன். அடுத்த வரியைச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு தாய்க்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்கு அது இருக்கவில்லை.

லாரிக்காரர் மகள்

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். அப்பா ஐந்தாம் வகுப்பு. மாதத்தில் இருபது நாள் வண்டியில் இருப்பார். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு முறைகூட வந்ததில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாலும் அழைப்பார். "இன்று என்ன பாடம் நடத்தினார்கள்? படித்துக் காட்டு கண்ணு" என்பார். பின்னால் வண்டிகள் போகிற இரைச்சல் கேட்கும். நான் படிப்பேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் கரைசல்கள் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நிறுத்தச் சொன்னார். "தூத்துக்குடியில் உப்பு ஏற்றினால், மழையே இல்லாத நாளில்கூடத் தார்ப்பாய்க்கு அடியில் மூட்டை ஈரமாகக் கசிகிறது. அது இதுதானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் கேட்டேன். உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வதை ஆசிரியை விளக்கினார். அன்று இரவு ஒன்பது மணிக்குக் காத்திருந்து நான் அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். "ஓ, அப்படியா!" என்று இரண்டு முறை சொன்னார்.

நான் இப்போது வேதியியல் முதுகலை படிக்கிறேன். படித்தது நான்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒன்பது மணி இல்லாவிட்டால் புத்தகத்தை எடுத்திருப்பேனா என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

சாக்பீஸ்விரல் ஐயா, அந்தப் பையன் பிறகு என்ன ஆனான்?

சாக்பீஸ்விரல்

தேறினான் அம்மா. கணிதத்தில் 41. ஜனவரி முதல் மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்த பிறகும் அவனும் இன்னும் இரண்டு பேரும் கரும்பலகையில் தாங்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஏழரை மணிக்கு அவன் அப்பா பள்ளி வாசலில் சைக்கிளோடு வந்து நிற்பார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. நானும் ஒரு நாளும் வெளியே போய் அவரோடு பேசவில்லை.