பவுட்சன் டீன் லைசென்ட்ரிட் லூத்தரன் பாட்டையெல்லாம் கத்தோலிக்க பாட்டு புக்குல சேர்த்தது ஏன்?

டிரெஸ்டன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் கிழக்கு ஜெர்மனில இருக்குற பவுட்சன் போயிருந்தேன், டிரெஸ்டன்ல இருந்து ட்ரெயின்ல பக்கம்தான். அங்க இருக்குற செயின்ட் பீட்டர் கதீட்ரலுக்குள்ள போனதும் ஒண்ணு கவனிச்சேன், கோயில் நேரா போகாம நடுவுல லேசா வளைஞ்சு போகுது, அந்த இடத்துலயே குறுக்க இடுப்பளவுக்கு ஒரு கம்பித் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் மக்கள் உக்காருற பெரிய பகுதி லூத்தரன்காரங்களுக்கு (மார்ட்டின் லூத்தர் வழி வந்த புராட்டஸ்டன்ட்காரங்க), அந்தப் பக்கம் பீடம் இருக்குற பகுதி கத்தோலிக்கருக்கு. 1524ல இருந்தே ரெண்டு பேரும் ஒரே கூரைக்குள்ள இருக்காங்களாம். நான் பொறந்ததுல இருந்து கத்தோலிக்கன், எங்க ஊர்ல ஆர்.சி. கோயில் ஒரு தெருவுல சி.எஸ்.ஐ. கோயில் இன்னொரு தெருவுல, அதனால இத பார்த்துட்டு கொஞ்ச நேரம் அந்தக் கம்பிய புடிச்சுட்டே நின்னுட்டேன்.

அங்க இருந்த ஒரு பெரியவர்தான் யோஹான் லைசென்ட்ரிட்னு ஒரு டீன், அதாவது அந்தக் கோயில் கத்தோலிக்க குருமாரோட தலைவர், பத்தி சொன்னாரு. 1567ல ஜெர்மன்ல பெரிய கத்தோலிக்க பாட்டு புக் போட்டாராம், அதுல லூத்தரன் புக்குல இருந்து எடுத்த பாட்டும் நிறைய இருக்காம். எனக்கு இதுதான் புரியல. அந்தப் பக்கத்தை எதிர்த்து நிக்க வேண்டிய ஒரு தலைவர் அந்தப் பக்கத்துப் பாட்டையே ஏன் எடுக்கணும்? உள்ளுக்குள்ள அவரும் லூத்தர் பக்கம்தானா? அப்போ பூசை லத்தீன்ல தானே, ஜெர்மன் பாட்டுக்கு இடமே ஏது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழங்கணக்கு:
நல்ல கேள்வி தம்பி. அவர் உள்ளுக்குள்ள லூத்தரன் இல்ல, அத மொதல்ல சொல்லிடுறேன், அவர் மட்டும் இல்லேன்னா நீங்க பார்த்த அந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னைக்கு பூசை நடக்குமாங்குறதே சந்தேகம்.

அவர் நிலைமைய கொஞ்சம் நெனச்சு பாருங்க. 1527ல மொராவியால ஓல்மூட்ஸ்ல பொறந்தவர், 1559ல பவுட்சன் டீன் ஆகுறாரு. அந்த நேரத்துல டவுன் கவுன்சில் லூத்தரன், ஜனங்கள்ல பெரும்பாலானவங்க லூத்தரன், சுத்தி இருக்குற சாக்சனி மொத்தமும் லூத்தரன். மிச்சம் இருந்ததுல முக்கியமானது டீனும் அவர் கூட இருந்த கொஞ்சம் குருமாரும், செயின்ட் மரியன்ஸ்டெர்ன், செயின்ட் மரியன்தால்னு ரெண்டு கன்னியர் மடமும், அத ஒட்டி இருந்த சோர்பியர் (அங்க வாழ்ற ஒரு ஸ்லாவ் இன மக்கள்) கிராமங்களும்தான். இந்தக் கொஞ்சமாவது தப்பிச்சதுக்குக் காரணம் பவுட்சன் இருக்குற லவுசிட்ஸ் பகுதி அப்போ சாக்சனிக்கு கீழ இல்ல, பொஹீமிய ராஜாவுக்கு கீழ இருந்துச்சு, அந்த ராஜா ஹப்ஸ்பர்க் குடும்பம், கத்தோலிக்கர். அதனால சாக்சனிய ஆண்ட எலெக்டர் நெனச்சாலும் இங்க கை வைக்க முடியல.

பவுட்சனுக்கும் மேல இருந்த மைசன் ஆயர் (பிஷப்) லவுசிட்ஸ் பொறுப்ப 1560கள்ல லைசென்ட்ரிட் கிட்ட கொடுத்துட்டாரு. அதே ஆயர், யோஹான் ஃபான் ஹவுக்விட்ஸ், 1581ல பதவிய விட்டுட்டு அவரே லூத்தரன் ஆகிட்டாரு! அதோட அந்தப் பழைய மறைமாவட்டம் முடிஞ்சு போச்சு. தலைக்கு மேல இருந்தவரே போயிட்டாரு, இவர் மட்டும் 1586ல சாகுற வரைக்கும் அங்கேயே நின்னாரு. எனக்கு இத நெனச்சா இப்பவும் ஒரு மாதிரி ஆகும்.

இப்போ பாட்டுக்கு வருவோம். லூத்தர் பக்கம் 1524லயே பாட்டு புக் போட ஆரம்பிச்சுட்டாங்க, நியூரம்பெர்க்ல முதல்ல வந்தது வெறும் எட்டு பாட்டு உள்ள சின்ன புக், அதுக்கப்புறம் வருஷா வருஷம் புதுசு புதுசா வருது, நெசவாளி வீட்டுல பாடுறாங்க, சந்தையில பாடுறாங்க. பிரசங்கத்தை மறந்தாலும் பாட்டு மறக்காது இல்லையா. பவுட்சன்ல பீடத்துப் பக்கம் நிக்கிற நாலு கத்தோலிக்கர் காதுல தடுப்பு தாண்டி ஊரே பாடுறது விழுது. அவங்க கையில பதிலுக்கு பாட என்ன இருந்துச்சு? 1537ல மிகேல் வேஹென்னு ஹாலே ஊர்ல இருந்த டொமினிக்கன் சாமியார் போட்ட 52 பாட்டு புக்குதான் அதுவரைக்கும் கத்தோலிக்கருக்கு ஜெர்மன்ல மெட்டோட வந்த முக்கியமான ஒண்ணு, அதுக்கப்புறம் முப்பது வருஷம் பெருசா எதுவும் இல்ல. லைசென்ட்ரிட் போட்டது கிட்டத்தட்ட 250 பாட்டு, நோட்டோட, மரக்கட்டைச் செதுக்குப் படத்தோட, பக்க ஓரமெல்லாம் அலங்காரத்தோட. பவுட்சன்லயே ஹான்ஸ் வோல்ராப் பிரஸ்ல அச்சாச்சு, 1573லயும் 1584லயும் மறுபடி எடிஷன் போட்டாங்க. வேஹெ புக்குல இருந்ததையும் இதுக்குள்ள எடுத்துக்கிட்டாரு.

கொயர்_ஆல்டோ:
அண்ணன் சொன்னதோட பாட்டு பக்கத்துல இருந்து நான் கொஞ்சம் சேர்க்குறேன், ஏன்னா "அந்தப் பக்கத்துப் பாட்டு"ன்னு சொல்றதுலயே ஒரு சிக்கல் இருக்கு.

லத்தீன்ல பாஸ்கா (ஈஸ்டர்) ஞாயிறுக்கு பாடுற விக்டிமே பஸ்காலி தெரியும்ல, அதோட ஆரம்பம் ரே-தோ-ரே-ஃபா-சோல். அதே அஞ்சு ஸ்வரத்துல ஆரம்பிக்கிறதுதான் கிறிஸ்ட் இஸ்ட் எர்ஸ்டாண்டன், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்"னு ஜெர்மன் ஜனங்க லூத்தர் பொறக்குறதுக்கு முன்னூறு வருஷம் முன்னாடியே பாடின பாட்டு. லத்தீன் வரியை குருமார் பாட, நடுவுல ஜனங்க அவங்க மொழியில இத பாடுவாங்க, ஒவ்வொரு பத்தியும் "கிரியலைஸ்"னு முடியும், கிரியே எலேசோன் (ஆண்டவரே இரக்கமாயிரும்) தேஞ்சு போய் அப்படி ஆச்சு, அதனாலயே இந்த மாதிரி பாட்டுக்கு லைஸ்னு பேரு. லூத்தர் 1524ல எழுதின பாஸ்கா பாட்டு இருக்கே, அதோட மெட்டும் இதே வேர்ல இருந்து வந்ததுதான். அப்போ இந்த மெட்டு யாரோடது சொல்லுங்க?

இன்னொண்ணு. ஆவே வீர்கோ வீர்கினும்னு மாதாவுக்கு ஒரு பழைய லத்தீன் பாட்டு. அதோட மெட்டை பொஹீமிய சகோதரர்கள், அதாவது லூத்தருக்கு முன்னாடியே சீர்திருத்தம் பேசின யான் ஹுஸ் வழி வந்தவங்க, 1544ல அவங்க ஜெர்மன் புக்குல வேற வார்த்தை போட்டு பாடுறாங்க, லைசென்ட்ரிட் புக்குல அது மறுபடி மாதா கிட்டயே திரும்பி வருது. இன்னைக்கு இங்கிலீஷ் பூசையில பாஸ்கா காலத்துல இதே மெட்டை பாடுறோம், எங்க கொயர்ல போன வருஷம் பாடினோம், பாதி பேருக்கு அதோட கதை தெரியாது. நாலு வரில மூணாவது வரி மட்டும் மேல ஏறி எறங்கும், அந்த இடம் வந்தாலே எனக்கு சிலிர்க்கும்.

வலென்டின் டிரில்லர்னு சிலேசியால ஒரு லூத்தரன் போதகர் 1555ல புக் போட்டாரு, அதுல பழைய லத்தீன் மெட்டுகளுக்கு ஜெர்மன் வார்த்தை பொருத்தியிருந்தாரு, லைசென்ட்ரிட் அதுல இருந்தும் எடுத்தாரு. அது களவு இல்லங்க, நம்ம வீட்டுல இருந்து போன பாத்திரத்த கழுவி திரும்ப அடுக்குற மாதிரி.

சங்கதி_சொல்லி:
கொயர் சிஸ்டர் சொல்றது மெட்டுக்கு சரி, ஆனா இத ரொம்ப அன்பா சொல்லி அவர் எல்லாரையும் சேர்த்து வைக்க வந்தவர்ங்குற மாதிரி ஆக்கிட வேண்டாம். புக்கோட தலைப்பையே பாருங்க, "பழைய அப்போஸ்தல, சரியான, மெய்யான விசுவாசமுள்ள கிறிஸ்தவ திருச்சபையோட ஆன்மீகப் பாடல்களும் சங்கீதங்களும்". அதாவது இது எங்களுது, உங்களுது புதுசுன்னு அட்டையிலயே சொல்லிட்டாரு. கடன் வாங்கின பாட்டுல கத்தோலிக்க போதனைக்கு ஒத்து வராத வரிய மாத்தினாரு, இல்ல எடுத்தாரு. ரெண்டாவது பாகம் மாதா, அப்போஸ்தலர், புனிதர்னு போகுது, லூத்தரன் புக்குல எது கொறஞ்சு போச்சோ அதையெல்லாம் அங்க நிரப்புறாரு. பகைதான் அது, ஆனா வாளை எடுக்காம பாட்டை எடுத்த பகை, அதுக்காக எனக்கு அவர் மேல மரியாதை உண்டு.

தம்பி கேட்ட கடைசி கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. பூசை லத்தீன்தான், அதுல அவர் கை வைக்கல, புராட்டஸ்டன்ட்களுக்கு பதில் சொல்ல கத்தோலிக்கர் கூட்டின திரெந்து பொதுச்சங்கம் 1563ல முடிஞ்சு நாலே வருஷத்துல வந்த புக் இது. ஆனா பிரசங்கத்துக்கு முன்ன பின்ன, பவனியில, திருநாள் சமயத்துல ஜனங்க ஜெர்மன்ல பாடுறது பழைய வழக்கம், அந்த இடத்தைத்தான் இவர் நிரப்பினாரு. பவுட்சனோட நிக்கவும் இல்ல, பாம்பெர்க் மறைமாவட்டத்துக்கு 1570கள்ல இதுல இருந்து ஒரு தொகுப்பு எடுத்து அச்சடிச்சாங்க.

டிரெஸ்டன்வாசி:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்போ ஒரு விஷயம் ஞாபகம் வருது, அந்தப் பெரியவர் தடுப்ப காட்டி, முன்ன இது நாலு மீட்டருக்கு மேல இருந்துச்சு, 1950கள்லதான் கொறச்சாங்கன்னு சொன்னாரு. அப்போ லைசென்ட்ரிட் காலத்துல அந்தப் பக்கத்து ஆள பார்க்க முடியாது, பாடுறது மட்டும்தான் கேக்கும்னு இருந்திருக்குமோ?

பழங்கணக்கு:
பாட்டுக்கு எந்த உயரமும் தடுப்பு இல்லையே தம்பி, கேட்டுட்டுதான் இருந்திருப்பாங்க, ரெண்டு பக்கமும். இன்னொரு தகவல், 1635ல அந்தப் பகுதி சாக்சனி கைக்கு போறப்போ கூட கத்தோலிக்க மடங்களையும் பவுட்சன் குருமாரையும் தொடக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதினாங்க. 1921ல மைசன் மறைமாவட்டத்த மறுபடி உண்டாக்கினப்போ ஆயரோட இருக்கைய எங்க வெச்சாங்க தெரியுமா, பவுட்சன்லதான், அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம். 1980லதான் டிரெஸ்டனுக்கு மாத்தினாங்க. அடுத்த தடவ போனா பாஸ்கா சமயத்துல போங்க, சோர்பியர் குதிரை மேல உக்காந்து கோட் தொப்பியோட பாடிட்டே ஊர் ஊரா உயிர்ப்பு செய்திய கொண்டு போவாங்க, அதையும் கேட்டுட்டு வாங்க.