குத்தகை விமானமா, சொந்த விமானமா: நேரில் பட்டவர்கள் எழுதுங்கள்

பதிவேட்டுக்காரன்

விமானத்தைத் திருப்பி ஒப்படைக்கும் வேலையைச் செய்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்றின் குத்தகை முடிந்தபோது அதன் ஆவணங்கள் என் பொறுப்பில் இருந்தன. எஞ்சினுக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்க்கும் போர்ஸ்கோப் சோதனை முடிந்து, வாலில் இருந்த சின்னத்தையும் அழித்து வெள்ளையடித்தாகிவிட்டது. எஞ்சினில் சுழலும் தட்டான டர்பைன் டிஸ்க் ஒன்று முன்பு வேறொரு நாட்டு நிறுவனத்தில் ஓடியது. அங்கே அது எத்தனை சைக்கிள் (ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு சைக்கிள்) ஓடியது என்று காட்டும் தாளில் கையொப்பம் இல்லை. குத்தகை நிறுவனத்தின் பிரதிநிதி குரலை உயர்த்தவில்லை. அந்தத் தாளைக் கோப்பிலிருந்து உருவி, மேசையின் மறுமுனையில் தனியே வைத்துவிட்டு, அடுத்த கோப்பைக் கேட்டார். டிஸ்க்கில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் முதல் நாளிலிருந்து கணக்கு இல்லாத டிஸ்க்கைச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள். பழைய நிறுவனத்திடமிருந்து அந்தக் கையொப்பம் வந்து சேரும்வரை, ஒரு பயணியைக்கூட ஏற்றாமல் நின்ற விமானத்துக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

முன்னாள் நிதிப்பிரிவு

மேலே எழுதியவர் குத்தகையின் வால் பகுதியை மட்டும் பார்த்திருக்கிறார். 2005இல் இண்டிகோ, ஒரு விமானத்தைக்கூடப் பறக்கவிடாத நிலையிலேயே, 100 ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்தமாக ஆர்டர் கொடுத்துத் தள்ளுபடி பெறுவது, விமானம் கைக்கு வரும் நாளில் அதைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்பது, அதே விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது என்ற வழியில்தான் அது வளர்ந்தது. இதே முறையில் வேறொரு நிறுவனத்துக்காக, பிரான்சின் துலூஸில் ஏர்பஸ் விமானத்தை ஒப்படைத்த நாளின் தொலைபேசிக் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். உரிமை ஏர்பஸ்ஸிடமிருந்து எங்களுக்கு வந்தது. எங்கள் வழக்கறிஞர் அடுத்த வரியைப் படித்து முடிப்பதற்குள் அது டப்ளினில் இருந்த குத்தகை நிறுவனத்துக்குப் போய்விட்டது. தள்ளுபடியில் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே, அந்தச் சில நொடிகளில் எங்கள் கையில் தங்கிய வித்தியாசத் தொகைதான் அந்தக் காலாண்டின் சம்பளத்தைக் காப்பாற்றியது. கைக்காசு இல்லாத நிறுவனத்துக்கு இதைவிட நல்ல வழி ஏது?

டாலர் கணக்கு

அந்த வித்தியாசத் தொகை இனாமாக வந்ததில்லை, ஐயா. கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர் அதை மாத வாடகையில் ஏற்றித்தான் திரும்ப எடுக்கிறார். அந்த வாடகையும் டாலரில். 2013 மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் இறுதியில் 68ஐத் தாண்டியது. வாடகைப் பட்டியலைச் சரிபார்ப்பது அப்போது என் வேலை. டாலர் தொகை ஒரு சென்ட்கூட மாறாமல் நிற்க, பக்கத்து ரூபாய்க் கட்டம் மட்டும் மாதாமாதம் வீங்கியது. பயணி கொடுப்பதோ ரூபாய்.

சொந்தமாக வாங்கினால் இந்தத் தொல்லை தீரும் என்று எண்ண வேண்டாம்; வாங்கும் கடனும் பெரும்பாலும் டாலரில்தான் இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் மாத வாடகையையும் கடன் தவணையையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதை முதலில் நிறுத்த வேண்டும். விமானம் பறக்காத நாளில் என்ன செலவாகும் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் அலீஜியன்ட் நிறுவனம் பழைய எம்டி-80 விமானங்களை மலிவாக வாங்கிச் சொந்தமாக வைத்திருந்ததால், கூட்டமில்லாத வார நாள்களில் அவற்றை நிறுத்திவைத்தும் இலாபம் பார்த்தது. புது விமானத்தைக் குத்தகைக்கு எடுத்தவரால் அப்படி நிறுத்த முடியாது. பறந்தாலும் நின்றாலும் வாடகை உண்டு என்பதே ஒப்பந்தம். கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2ஆம் தேதி திவால் மனு கொடுத்தபோது, எஞ்சின் கிடைக்காமல் தன் விமானங்களில் ஏறத்தாழ பாதி நிற்பதாகச் சொன்னது. அதன்பின் அதன் வசம் இருப்பதை யாரும் எடுத்துச் செல்லக் கூடாது என்ற தடைக்காலம் வந்து, குத்தகை நிறுவனங்கள் தம் விமானங்களை மீட்க முடியாமல் காத்திருந்தன. 54 விமானங்களின் பதிவை நீக்கும்படி டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 ஏப்ரலில்தான். அப்படிக் காத்திருந்தவர்கள் அடுத்து வரும் இந்திய நிறுவனத்திடம் கூடுதல் வாடகையும் வைப்புத்தொகையும் கேட்டால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே ஆண்டு முழுவதும் நிரம்பும் வழித்தடங்களுக்குச் சொந்த விமானம், ஏறி இறங்கும் தேவைக்குக் குத்தகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். திருப்பி ஒப்படைக்கும் நிபந்தனைகளைக் கையெழுத்திடும் முன்பே பேசி முடியுங்கள். பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சாங்கி ஊழியர்

நிரம்பும் வழித்தடம் என்பதற்காகவே வாங்கிவிடலாமா? 2007 அக்டோபரில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட, இரட்டை அடுக்குப் பெரிய விமானமான ஏ380இன் முதல் பயணத்தை ஓடுதள ஓரத்தில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமானதன்று. ஜெர்மனியின் டாக்டர் பீட்டர்ஸ் நிறுவனத்திடமிருந்து பத்தாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. பத்தாண்டு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை அடுத்து எடுத்து ஓட்ட யாரும் முன்வரவில்லை. பிரான்சின் தார்ப் நகரில் அதைப் பிரித்தெடுக்கும் படத்தை உடன் வேலை செய்தவர் கைப்பேசியில் காட்டினார். இறக்கையில் எஞ்சின்கள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. எஞ்சின்களையும் உதிரிப் பாகங்களையும் வைத்துத்தான் முதலீட்டாளர்கள் தம் பணத்தைத் தேட வேண்டியிருந்தது. அதைச் சொந்தமாக வாங்கியிருந்தால் அந்தத் தேடல் விமான நிறுவனத்தின் தலையில் விழுந்திருக்கும். வாடகையில் கொடுக்கும் கூடுதல் பணம் இதற்கும் சேர்த்துத்தான் என்பதை ‘டாலர் கணக்கு’ தம் கணக்கில் சேர்க்கவில்லை.