தண்ணீர் வண்டியும் கேள்வி நேரமும்

வைகைக்கரையான்:
பக்கத்து இழையில் ஒருவர் "கேள்வி நேரம்தான் மக்களாட்சியின் உயிர்" என்று எழுதி நாற்பது விருப்பம் வாங்கியிருக்கிறார். அவருக்காக ஒரே ஒரு கதை.

அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த கென்யா, 1959 மார்ச் 3. ஹோலா என்ற தடுப்பு முகாம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சிக்காரர்கள் என்று பிடித்து, விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் அடைத்துவைத்திருந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். வேலை செய்ய மாட்டேன் என்பவனை இழுத்துக்கொண்டுபோயாவது வேலை செய்ய வைக்க வேண்டும் என்பது மேலிடத் திட்டம். அதை வகுத்த அதிகாரியின் பெயரில் கவன் திட்டம் என்பார்கள். அன்றைக்கு 85 பேரைப் பாசன வாய்க்கால் வெட்ட ஓட்டிக்கொண்டு போனார்கள். காவலர்கள் தடியால் அடித்ததில் 11 பேர் செத்தார்கள்.

காலனி அரசு என்ன அறிக்கை விட்டது தெரியுமா? தண்ணீர் வண்டியிலிருந்து தண்ணீர் குடித்த பிறகு இறந்துபோனார்களாம். அதே வண்டித் தண்ணீரைத்தான் காவலர்களும் குடித்தார்கள் என்று அந்த அறிக்கையே சொல்கிறது! காவலர்களுக்கு ஒரு வயிற்றுவலிகூட இல்லை.

லண்டன் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள், அமைச்சர் பதில் சொன்னார், எல்லாம் அவைக்குறிப்பில் அழகாக அச்சாகியிருக்கிறது. ஒரு ஆள் மேலாவது கொலை வழக்கு? கிடையாது. இதுதான் உங்கள் உயிர்.

பழைய_கோப்பு:
தம்பி, பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்கள். நான் முப்பது வருஷம் அரசுப் பணியில், அதில் பாதிக்கு மேல் கேள்விகளுக்குப் பதில் தயாரித்தவன். அதனால் சொல்கிறேன்.

தண்ணீர் வண்டிக் கதை எப்படி உடைந்தது? பிணப் பரிசோதனையில் காயங்கள் தெரிந்தன. மரண விசாரணை நடத்திய நீதிபதி, அடிதான் காரணம் என்று எழுதினார். அது வெளியே வந்ததும், சொன்ன பொய்யை விழுங்க முடியாமல் அரசு திணறியது. தண்ணீர் வண்டி என்று எழுத்தில் கொடுத்திருக்காவிட்டால், "அடிதடியில் சிலர் இறந்தனர், வருந்துகிறோம்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். பொய்ப் பதிலும் சாட்சிதான். அலுவலகத்தில் நாங்கள் எதற்குப் பயந்தோம் என்றால் கேள்விக்கு அல்ல, போன கூட்டத்தொடரில் நாங்களே கொடுத்த பதிலுக்கு.

பார்பரா காசில் போன்ற, அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியின் உறுப்பினர்கள் ஹோலாவுக்கு முன்னாலிருந்தே கென்ய முகாம்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு பதிலும் சின்னக் கல். ஹோலா வந்தபோது கூடை நிறைந்திருந்தது.

மொட்டைக்கடிதம்:
கூடை நிறைந்து என்ன, கல்லை எடுத்து எறிய ஆள் வேண்டாமா 😀

பழைய_கோப்பு:
எறிந்தார்கள். 1959 ஜூலை 27 இரவு, பேச்சு நள்ளிரவைத் தாண்டிப் போனது. எழுந்து பேசியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் இனாக் பவல். செத்தவர்கள் மனிதரிலும் கீழானவர்கள் என்று அவையில் சொல்லப்பட்டிருந்தது. பவல் அதைப் பிடித்துக்கொண்டார். ஒருவன் இப்படிப்பட்டவன், ஆகவே அவன் சாவுக்குக் கணக்குக் கேட்க வேண்டாம் என்பது பயங்கரமான கொள்கை என்றார். ஆப்பிரிக்காவில் ஆப்பிரிக்க அளவுகோல், ஆசியாவில் ஆசிய அளவுகோல், உள்ளூரில் மட்டும் பிரிட்டிஷ் அளவுகோல் என்று வைத்துக்கொள்ள முடியாது என்றார். சொந்தக் கட்சி அமைச்சரை முன்வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு!

வைகைக்கரையான்:
அதே பவல்தான் ஐயா 1968இல் பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராக விஷம் கக்கினார். ஆள் தேர்வு பிரமாதம்.

சரி, பேச்சு முடிந்து என்ன ஆச்சு? காலனி அமைச்சர் லெனாக்ஸ் பாய்ட் ராஜினாமா செய்ய முன்வந்தார், பிரதமர் மக்மில்லன் வேண்டாம் என்றுவிட்டார். அக்டோபரில் தேர்தல். அதே கட்சி இன்னும் அதிக இடங்களோடு ஜெயித்தது. வாக்காளருக்கு ஹோலா எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாது.

அடித்தவர்களுக்கு அடித்தோம் என்று தெரியும். மேலே உள்ளவர்களுக்கும் தெரியும். 1957லேயே கென்யாவின் அட்டர்னி ஜெனரல் கிரிஃபித் ஜோன்ஸ் ஆளுநருக்கு எழுதினார்: பாவம் செய்வதானால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும். இதை எழுதியவர் அரசாங்கத்துக்கே சட்ட ஆலோசகர். இவர்களிடம் போய் (அ), (ஆ), (இ) என்று பிரித்துக் கேள்வி கேட்டால் என்ன வரும்? (அ) ஆம். (ஆ) இல்லை. (இ) அந்தக் கேள்வியே எழவில்லை.

சுடர்விழி:
இரண்டு பேரும் பதிலைப் பற்றியே பேசுகிறீர்கள். எந்தக் கேள்வியை அவைக்குள்ளேயே விடவில்லை என்று பாருங்கள்.

வட அயர்லாந்து லண்டனுக்குப் பக்கத்து வீடு. அங்கே 1921இலிருந்து தனிச் சட்டமன்றம். 1923இல் லண்டன் அவைத்தலைவர் ஒரு தீர்ப்பு சொன்னார்: அந்தச் சட்டமன்றத்துக்கு ஒப்படைத்த விஷயங்களைப் பற்றி இங்கே கேட்கக் கூடாது, அங்கே போய்க் கேளுங்கள். வீட்டு ஒதுக்கீடு, உள்ளூர் வாக்குரிமை, போலீஸ் என்று அங்கே சிறுபான்மையான கத்தோலிக்கர்களின் குறைகளெல்லாம் அந்த ஒப்படைத்த பட்டியலில்தான். 1966இல் அங்கே மேற்கு பெல்ஃபாஸ்ட் தொகுதியிலிருந்து ஜெரி ஃபிட் லண்டன் அவைக்கு உறுப்பினராக வந்து இந்த வழக்கத்தோடு மல்லுக்கட்டினார். 1968க்குள் தெருவில் ஊர்வலம், தடியடி. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற கென்யாவைப் பற்றிக் கேட்கலாம், கடலைத் தாண்டினால் பெல்ஃபாஸ்ட், அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. பவலின் அளவுகோல் வசனம் எனக்கும் பிடிக்கும், ஆனால் "உள்ளூர்" என்று அவர் சொன்னதில் பெல்ஃபாஸ்ட் உண்டா?

நம்மிடமும் இதுதான் நடந்தது. 1892 சட்டம் இந்தியாவில் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை தந்தது. பதிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே மறுபடி கேட்கிற துணைக் கேள்வி? கிடையாது. பதிலைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். 1909இல்தான் கேள்வி கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி. வெள்ளைக்காரனுக்கு முதல் கேள்வியில் பயமே இல்லை, இரண்டாவதில்தான்.

பழைய_கோப்பு:
அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. முதல் கேள்விக்குப் பதினைந்து நாள் அவகாசம் இருக்கும், பத்து மேசை தாண்டி, வழவழவென்று தேய்ந்த பதில் போகும். துணைக் கேள்வியில்தான் அமைச்சர் வாயைத் திறக்க வேண்டும். டெல்லி மத்திய சட்டசபையில் தீரர் சத்தியமூர்த்தி பேர் வாங்கியது அதில்தானே.

சுதந்திரத்துக்குப் பிறகு பாருங்கள், முந்த்ரா விவகாரம். எல்.ஐ.சி. பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிப் பங்குகளில் போனது. 1957 செப்டம்பரில் மக்களவையில் கேட்டபோது மழுப்பினார்கள். டிசம்பரில் பெரோஸ் காந்தி விடவில்லை. இவரும் ஆளுங்கட்சி, அதுவும் பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளாவின் விசாரணை பொதுமக்கள் முன்னால் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. நம்ம ஊர்க்காரர்தான், என்ன செய்ய.

வைகைக்கரையான்:
பணம் போனால் அமைச்சர் போவார் சார். கென்யாவில் உயிர் போனது, அமைச்சர் போகவில்லை. இந்த வித்தியாசத்துக்கு உங்கள் கோப்பில் பதில் இருக்கிறதா?

ஹோலாவிலிருந்து உயிர் பிழைத்தவர்களில் வாம்புகு நியிங்கி ஒருவர். அடியில் மயங்கி விழுந்தவரைச் செத்துவிட்டார் என்று பிணங்களோடு போட்டுவிட்டார்கள். அவரும் இன்னும் சிலரும் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான், 2011இல், இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் ஒளித்துவைத்திருந்த காலனிக் கோப்புகள் வெளியே வந்தன. கென்யா மட்டுமல்ல, 37 பழைய காலனிகளின் கோப்புகள். 2013 ஜூனில் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் அவையில் எழுந்து வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் சேர்த்து 1.99 கோடி பவுண்டு. 54 வருஷம்! கோப்பைத் திறந்தது கேள்வி நேரமா, கோர்ட்டா?

பழைய_கோப்பு:
கோர்ட். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழக்குப் போடலாம் என்று தோன்றவே ஒரு பழைய அவைக்குறிப்பு வேண்டும். சரித்திர ஆசிரியர்கள் அதிலிருந்துதான் நூல் பிடித்தார்கள். ஹோலாவுக்குப் பிறகு காலனி அமைச்சரானவர் இயன் மக்ளியாட். 1960 ஜனவரியில் கென்ய நெருக்கடிநிலை முடிந்தது, 1963 டிசம்பரில் சுதந்திரம். எல்லாம் ஹோலாவால் என்று சொல்லவில்லை. ஹோலா இல்லாமல் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது.

மொட்டைக்கடிதம்:
ஐயா, கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். முப்பது வருஷத்தில் நீங்கள் ஒரு தண்ணீர் வண்டி எழுதியதில்லையா?

பழைய_கோப்பு:
இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதலாமா என்று யோசித்தேன்.

ஒன்று உண்டு. துறை பெயர் வேண்டாம். ஒரு விடுதியில் பிள்ளைகள் வாந்தி பேதி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கீழிருந்து வந்த அறிக்கை, வெளியே வாங்கித் தின்ற பண்டம்தான் காரணம் என்றது. அந்த அறிக்கையோடே இணைத்திருந்த இன்னொரு தாளில், மேல்நிலைத் தொட்டி எட்டு மாதமாகக் கழுவப்படவில்லை என்று இளநிலைப் பொறியாளர் எழுதியிருந்தார். அவையில் இதைப் பற்றி ஒரு உறுப்பினர் கேள்வி போட்டிருந்தார். நான் பண்டத்தை வைத்துப் பதில் தயாரித்தேன். மேலே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆனால் துணைக் கேள்வி வந்தால் அமைச்சர் முழிக்கக் கூடாதே என்று குறிப்பில் தொட்டி விஷயத்தையும் எழுதி, பச்சை மையில் அடிக்கோடிட்டு அனுப்பினேன். அதிகாரிகள் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். பதிலை வாசித்தார்கள். அவைத்தலைவர் "துணைக் கேள்வி உண்டா?" என்று அந்த உறுப்பினரைப் பார்த்தார். அவர் எழுந்து, தொகுதிக்கு ஒரு பாலம் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.