ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனேன், சோபாவை நகர்த்தினேன்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். சென்ற தீபாவளிக்கு முன்பு புது ஆம்ப்ளிஃபயருக்கென்று 18,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தப் பணத்தில் பெரும்பகுதி இன்னும் வங்கியில் இருக்கிறது. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதே நினைப்பில் இருப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் படித்துவிடட்டும்.

வீடு தெரசு (வரிசை) வீடு. கூடம் பத்தொன்பது அடி நீளம், தரை முழுக்க டைல்ஸ். ஆளுயரத்தில் பாதி நிற்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர், பத்து வருடப் பழக்கமுள்ள ஆம்ப்ளிஃபயர், அப்பா விட்டுச்சென்ற டர்ன்டேபிள். அப்பா சுங்கைப் பட்டாணி பக்கத்தில் தோட்டத்தில் வேலை செய்தவர். அவர் சேர்த்தவை பெரும்பாலும் நாகஸ்வர இசைத்தட்டுகள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

என் மனக்குறை தவிலில் இருந்தது. விரலால் வாசிக்கும் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் விரல் விரலாகக் கேட்கும். இடப்பக்கமான தொப்பியில் கழி விழும்போது மட்டும் கூடமே உறுமும். ஓர் அடியின் ஓசை ஓயாமல் அடுத்த அடியின் மேல் வழியும். விற்பனையாளர் ஒருவரிடம் சொன்னேன். "உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு வூஃபரைப் பிடித்து நிறுத்தும் வலு இல்லை" என்றார் (வூஃபர் என்பது ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலியைத் தரும் கூம்பு). நம்பினேன். நல்ல மனிதர், வாரக் கடைசிக்கு வீட்டுக்கே ஓர் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தனுப்பினார்.

முதல் இரவு எனக்கு உறக்கமே வரவில்லை. எல்லாமே தெளிவு, எல்லாமே பக்கத்தில். மறுநாள் காலை, கிள்ளானிலிருந்து வந்த நண்பர் ஒரு காரியம் செய்தார். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களிலும் ஒரே சோதனை ஒலியை ஓடவிட்டு, மீட்டரை வைத்து ஒலியளவைச் சமமாக்கினார். புதியது, ஒலியளவுத் திருகு அதே இடத்தில் இருக்கும்போது, இரண்டு டெசிபெல் கூடுதலாக ஒலித்துக்கொண்டிருந்தது. சமப்படுத்திய பிறகு என் ஆனந்தத்தில் முக்கால்வாசி கரைந்துவிட்டது. ஒரு டெசிபெல் வித்தியாசத்தைக்கூட நம் காது "சத்தம் கூடியிருக்கிறது" என்று எடுத்துக்கொள்வதில்லை, "நன்றாக இருக்கிறது" என்றே எடுத்துக்கொள்கிறது. தவில் அப்படியே உறுமியது.

அந்த நண்பரிடம் அளவீட்டு மைக் ஒன்று இருந்தது. அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மடிக்கணினியில் அதை ஓட்டி, நான் உட்காரும் இடத்தில் மைக்கை நிறுத்தினார். திரையில் 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 அதிர்வு, தாழ்ந்த ஒலி) ஒரு மலை எழுந்து நின்றது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடுகிறது. என் கூடம் 5.8 மீட்டர். அந்த நீளத்தில் சரியாக ஒரு முழு அலை அடங்கும் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நின்றுவிடுகின்றன. சுவரை ஒட்டிய இடத்தில் அவற்றின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். என் சோபா பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அதாவது பல வருடங்களாக அந்த உறுமலின் உச்சியில் தலையை வைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்லியிருக்கிறேன்.

சோபாவை மூன்றடி முன்னால் இழுத்தோம். மலை ஐந்து டெசிபெல் இறங்கியது. தொப்பி அடி அடியாகப் பிரிந்து விழுந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்து, "என்னங்க, சாமி மேடைக்குப் போகிற வழியை அடைத்துவிட்டீர்களே" என்றார். நியாயமான பேச்சு. இப்போது கேட்கும் நேரத்தில் மட்டும் சோபா முன்னால் வருகிறது. கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறேன்.

இரண்டாவது கண்டுபிடிப்பு அப்பாவின் இசைத்தட்டுகளால் வந்தது. ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956-இல். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். ஆகவே அவருடைய பதிவுகள் எல்லாம் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி என்றால், நாகஸ்வரம் இரண்டுக்கும் நட்டநடுவில், ஒற்றைப் புள்ளியில் நின்று ஊத வேண்டும். என் வீட்டில் அது இடப்பக்கம் சாய்ந்து, புகைபோலப் பரவியிருந்தது. இடப்பக்கம் வெறும் சுவர், வலப்பக்கம் திறந்த மாடிப்படி. ஒரு பக்கம் எதிரொலிக்கிறது, மறுபக்கம் ஒலி வெளியேறிவிடுகிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பழைய மோனோ பதிவு ஒன்று இருந்தால் உங்கள் அறையின் கோணல் தெரிந்துவிடும்.

மகன் கண்ணாடி ஒன்றை இடப்பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்தினான். சோபாவில் இருந்தபடி எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடிக்குள் தெரிந்ததோ அங்கேதான் ஒலி மோதி என் காதுக்குத் திரும்புகிறது; அந்த இடத்தில் ராக்வூல் (பாறைப் பஞ்சு) அடைத்த பலகை மாட்டினோம். பத்து சென்டிமீட்டர் தடிமன். மேல்துணி ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் வாங்கியது. எல்லாம் சேர்த்து 400 வெள்ளிகூட ஆகவில்லை. தரையில் ஒரு கம்பளம் விரித்தோம். நாகஸ்வரம் நடுவுக்கு வந்து நின்றது. அன்று நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

(பலகையும் திரைச்சீலையும் தாழ்ந்த ஒலிகளை ஒன்றும் செய்யாது. 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே ஆறு மீட்டருக்குப் பக்கம். அதற்குச் சோபாவையோ ஸ்பீக்கரையோதான் நகர்த்த வேண்டும்.)

உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள். தவறாகப் போனவற்றைக் கட்டாயம் எழுதுங்கள்.

குளுகோர், பினாங்கு

தம்பி, நான் செய்த தவறு உங்களுடையதைவிடச் செலவு மிக்கது. ஓய்வு பெற்ற கையோடு கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன், 30 வாட். அதன் ஒலியில் எனக்கு இன்றும் குறை சொல்லத் தோன்றவில்லை. வீணையின் மீட்டு அப்படியே நெஞ்சில் இறங்கும்.

ஆனால் கிளாஸ் ஏ என்பது பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்சாரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும் அமைப்பு. ஏட்டுக் கணக்கிலேயே அதன் திறன் 50 விழுக்காட்டைத் தாண்டாது, மிச்சம் வெப்பம். என்னுடையது சும்மா இருக்கும்போதே 280 வாட் இழுத்தது. குளிர் நாட்டில் அது அறையைக் கதகதப்பாக்கும் வரமாக இருக்கலாம். பினாங்கில், மாலை ஆறு மணிக்கும் 31 டிகிரி இருக்கும் அறையில், அடுப்பை ஏற்றி வைத்துக்கொண்டு கச்சேரி கேட்பது போலத்தான். குளிர்சாதனம் போட வேண்டியதாயிற்று. போட்டதும் அதன் இரைச்சல், வீணைத் தந்தியின் ஓசை தேய்ந்து அடங்கும் அந்தக் கடைசி இழையை விழுங்கிவிட்டது. எதைக் கேட்கவென்று அதை வாங்கினேனோ அதுவே போயிற்று.

எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன். 5,000 வெள்ளி நட்டம். இப்போதிருப்பது சாதாரண கிளாஸ் ஏபி, அந்த அளவு சூடாகாதது. குளிர்சாதனத்தை அரைமணி நேரம் முன்பே ஓடவிட்டு, அணைத்துவிட்டு, மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்துக் கேட்கிறேன். வாங்கும் முன் உங்கள் அறையின் இரைச்சலையும் வெப்பத்தையும் எண்ணிப் பாருங்கள். கடையில் குளிரூட்டிய அறையில், வெளியிலிருந்து வரும் குழாயில் குளிர்காற்று வாங்கிக்கொண்டு கேட்டால் இந்தத் தொல்லை தெரியாது.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அண்ணன், நான் அடுக்குமாடியில் பதினோராவது மாடி. பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பத்துக்கு மேல்தான் எனக்குப் பாட்டு. அப்போது மிருதங்கமே காணாமல் போய்விடுகிறது என்று, தாழ்ந்த ஒலிக்கென்றே தனியாக வைக்கும் சப்வூஃபர் வாங்கும் முடிவுக்கு வந்திருந்தேன். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது; அதை நினைத்துத் தள்ளிப்போட்டேன். அந்தக் காலதாமதம்தான் காப்பாற்றியது.

காது இயல்பாகவே இப்படித்தான் என்று பிறகு படித்தேன். சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகளை நம் காது மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. 1933-இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னெஸ்' என்றொரு பொத்தான் இருக்குமே, அது இதற்காகவே வைத்தது. "தூய்மை" வேண்டும் என்று பேஸ், ட்ரெபிள் திருகுகள்கூட இல்லாத விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரைத் தேடி வாங்கியவள் நான். அதைக் கொடுத்துவிட்டு, அந்தப் பொத்தான் உள்ள ஒன்றைப் பாதி விலைக்கு எடுத்தேன். இரவில் மிருதங்கம் திரும்பி வந்துவிட்டது. இதற்காக என்னைத் தரம் தாழ்ந்துவிட்டதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். என் காதுக்கு எது தேவை என்று எனக்குத் தெரியும்.

ஸ்பீக்கர், பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ வகை. அளவில் சிறிது, உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் எழும் சத்தம்) 83 டெசிபெல் அளவில்தான். வலு போதாது என்று 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போகச் சொன்னார்கள். வாட் இரண்டு மடங்கானால் கிடைப்பது 3 டெசிபெல். நாற்காலியை மூன்று மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு இழுத்தால் ஏறக்குறைய அதே அளவு இலவசமாகக் கிடைக்கிறது. இழுத்தேன்.

கேபிள் பற்றியும் ஒரு வரி. 4,000 வெள்ளி கேபிளை ஒரு கடையில் வீட்டுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். எங்களுடையது 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்பு, மூன்று மீட்டர். போக வர மொத்தத் தடை 0.04 ஓம், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. மூத்தவள் எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் பூட்டினாள். பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். கேபிள் திரும்பிப் போயிற்று.

ஜெலுத்தோங், பினாங்கு

கடலோரத்தில் இருப்பவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். பழைய பெரிய ஸ்பீக்கர் ஒரு ஜோடி, மரம் பளபளவென்று, 3,500 வெள்ளிக்கு வாங்கினேன். வலை மூடியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கியது என் பிழை. வூஃபர் கூம்பைச் சுற்றி இருக்கும் வளையம் ஃபோம். நம் ஈரப்பதத்துக்கும் வெப்பத்துக்கும் ஃபோம் மக்கி, விரல் பட்டால் மாவாக உதிரும். நான்கே மாதத்தில் உதிர்ந்தது. ஃபோம் வளையம் மட்டும் மாற்றித் தருபவர் ஒருவர் இருந்தார். ஜோடிக்கு 250 வெள்ளியில் முடித்துக் கொடுத்தார். வூஃபரையே தூக்கிப் போடத் துணிந்துவிடாதீர்கள். புதிதாக எடுப்பதென்றால் ரப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள்.

கேபிள் முனைகளைத் தைப்பூசத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூக்கிறது.

கெப்போங், கோலாலம்பூர்

ஒரே செய்தி. பிற்பகல் இடிமழையில், இணையத்திலிருந்து பாட்டு எடுக்கும் என் ஸ்ட்ரீமர் கருகியது. மின்சார பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தேன். மோடத்திலிருந்து வந்த நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கவில்லை. மின்னல் அந்த வழியாக வந்தது. இரண்டையும் பிடுங்குங்கள். ஆன்டெனா இருந்தால் அதையும்.

செந்தூல், கோலாலம்பூர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. குளுகோர் அண்ணன் சொன்ன குளிர்சாதன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று இரவு அணைத்துவிட்டுக் கேட்டேன், உண்மை. பிரிக்பீல்ட்ஸ் தங்கை எழுதியதை என் மனைவி இரண்டு முறை படித்தார்.

"அப்படியானால் கருவியே மாற்ற வேண்டாமா" என்று தனியே கேட்டவர்களுக்கு: மாற்றினேன். ஒதுக்கிய பணத்தில் 1,900 வெள்ளியை, டர்ன்டேபிளின் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜுக்குச் செலவிட்டேன். ஊசியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம். அப்பாவின் ஊசி அதை எப்போதோ கடந்திருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது முனை ஒரு பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தது. அதை இன்னும் ஓட்டியிருந்தால் இசைத்தட்டுகளின் தடத்தையே அரித்திருக்கும், அவை திரும்பக் கிடைக்காதவை. ஸ்பீக்கரும் காதும் ஒலியைத் தொடும் இரண்டு முனைகள் போல, ஊசி தட்டைத் தொடும் முனை. அங்கே செலவழித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆம்ப்ளிஃபயர் அதே பழையதுதான்.

அளவீட்டு மைக்கை நானும் ஒன்று வாங்கிவிட்டேன். வரும் சனிக்கிழமை இசைத்தட்டு பார்க்க ஆம்கார்ப் மாலுக்குப் போகிறேன். மைக் வேண்டியவர்கள் அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். பினாங்கு நண்பர்களுக்கு, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நானே எடுத்து வருகிறேன்.